தொட்டிலுக்குப் போன சாரம்

எமிலியானுசைப் பொறாமைக்காரர் என்று மொன்றியாலில் சிலர் சொல்வதுண்டு. அது அபாண்டம். கண்டவர் நின்றவரைப் பார்த்தெல்லாம் பொறாமைப்பட்டு, அந்த அருங்குணத்தைச் சில்லறையாகச் செலவழிக்கிற பழக்கம் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. தன்னிடமிருந்த பொறாமை முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் ஒரேயொரு மனிதருக்கென்று சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பாக்கியசாலியின் பெயர் அம்புறோஸ்.

இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே பங்குக் கோவிலுக்குப் போகிறவர்கள். ஒற்றுமை அவ்வளவோடு சரி. எமிலியானுஸ் சென் லோறனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மொன்றியால்-நோரில் பழைய வாடகைக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் மனைவி பிலோமினாவோடு குடியிருக்கிறார். அம்புறோஸ் விமான உதிரிப்பாகக் கம்பனியில் எஞ்சினியர். அஹுன்சிக்கில் சொந்த வீடு. அந்த வீட்டுக் கராஜுக்குள்ளும் ஹீற்றர். பனி கொட்டிய காலைகளில் எமிலியானுஸ் தன் கார் எந்தக் குவியலுக்குள் இருக்கிறதென்று தேடித் தோண்டிக்கொண்டிருப்பார். அம்புறோசின் காரோ, இரவெல்லாம் நல்ல நித்திரை கொண்டு, முகம் கழுவி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்ததுபோல எமிலியானுசின் வாசலில் வந்து நிற்கும். கண்ணாடி இறங்கும்.

"மச்சான், ஒரு கை தரட்டோ?"

கேட்டுவிட்டு உண்மையாகவே இறங்கி வந்து தோண்டுவார். அதுதான் தாங்க முடியாதது. வீட்டைப் பொறுக்கலாம், காரைப் பொறுக்கலாம், பாதிரியாரோடு பிரெஞ்சில் பகிடி விடுவதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் நல்லவனாகவும் இருப்பது என்ன நியாயம்?

இந்த அம்புறோசின் தங்கச்சி லக்சனாவைத்தான் எமிலியானுசின் தம்பி றொக்சன் காதலித்துக் கட்டினான். மொன்றியாலில் எத்தனையோ பெட்டைகள் இருந்தார்கள். தம்பி தேடிப்பிடித்தது அந்த வீட்டைத்தான். சிறு வயதில் ஊரிலிருந்து கூப்பிட்டு அவனை வளர்த்து ஆளாக்கியவர்கள் எமிலியானுசும் பிலோமினாவும்; அவர்களுக்கென்று பிள்ளை இல்லை. ஆகவே, மேல்மாடியில் குடியிருந்த றொக்சன் லக்சனா தம்பதிக்குத் தை மாதக் குளிரின் உச்சத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, பெரியப்பா என்ற பதவியில் எமிலியானுஸ் சகல அதிகாரங்களோடும் அமர்ந்தார். அமர்ந்து பார்த்தால், பக்கத்துக் கதிரையில் தாய்மாமன் ஏற்கெனவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தைக்கு அனாயிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதை மூக்கால் அழகாக உச்சரிக்க அம்புறோசுக்குத் தெரியும். எமிலியானுஸ் சண்டைக்குப் போகவில்லை. "குஞ்சு" என்றார்.

பெரியப்பாவின் முதற் காணிக்கை ஒரு மிங்க் போர்வை. தமிழ்க் கடையில் இருந்தவற்றுள் ஆகப் பெரியது. அதில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாயும். தோளில் சுமந்து படியேறினார். அதைப் போர்த்தினால் குழந்தை என்ன, குதிரைக்கே வியர்க்கும். தாய்மாமனின் காணிக்கை கடதாசிப் பைக்குள் அடங்கியது. பஞ்சு வைத்துத் தைத்த, கையில்லாத ஒரு பை. குழந்தையை உள்ளே விட்டு ஸிப்பை இழுத்தால் கழுத்துக்குக் கீழே அப்படியே பொருந்தி நிற்கும்.

அடுத்தநாள் சுகாதார நிலையத்திலிருந்து தாதி ஒருத்தி வீடு பார்க்க வந்தாள். அவள் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல றொக்சன் தமிழாக்கினான். பிள்ளையை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். தொட்டிலுக்குள் தளர்வாக ஒன்றுமே கிடக்கக்கூடாது. தலையணை, பொம்மை, போர்வை எதுவும் முகத்தில் விழுந்தால் மூச்சடைக்கும். அறையை அடுப்பாக்கவும் வேண்டாம். கை குளிர்ந்து கிடக்கிறதே என்று பயப்படாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்தால் சூடு கூடிவிட்டது.

பிறகு அவள் குதிரைகளைப் பார்த்தாள். குதிரைகளும் அவளைப் பார்த்தன. அவள் தலையை ஆட்டிய மாதிரியை மொழிபெயர்க்க றொக்சன் தேவைப்படவில்லை. அம்புறோசின் பையைக் கையில் எடுத்ததும், "பர்ஃபே!" என்றாள்.

எமிலியானுசுக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. ஆனால் பிரமாதம் என்கிற அந்தச் சொல் தெரியும். களஞ்சியத்தில் மனேச்சர் மற்றவர்களைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறார்.

மிங்க் போர்வை அன்றே வரவேற்பறைச் சோபாவுக்கு நாடு கடத்தப்பட்டது. மாலையில் எமிலியானுஸ் போனபோது அதன்மேல் அம்புறோஸ் உட்கார்ந்திருந்தார். சரியாகக் குதிரையின் முகத்தில்.

"நல்ல மெத்தெண்டு கிடக்கு மச்சான்," என்றார் அம்புறோஸ், மனதாரப் பாராட்டி.

ஆனால் பையும் முழு வெற்றி பெறவில்லை. குழந்தை கையில் இருக்கும்வரை பூப்போல நித்திரை கொள்ளும். தொட்டிலில் முதுகு பட்டதும் வீரிட்டு எழும்பும். புதுத் தொட்டில், புது மெத்தை, கடையில் வாங்கிய வழுவழுப்பான விரிப்பு. தொட்டால் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டதுபோலச் சில்லென்றிருந்தது. மேல்மாடி அழுகை கீழ்மாடிக்கு அப்படியே இறங்கியது. எமிலியானுஸ் முகட்டைப் பார்த்தபடி கிடப்பார். றொக்சன் வேலையில் நின்றுகொண்டே தூங்கினான். லக்சனா பிள்ளையை நெஞ்சில் போட்டபடி சோபாவில் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னபோது பிலோமினாவுக்குத் திக்கென்றது.

"சோபாவிலை பிள்ளையோடை நித்திரை கொள்ளுறதோ? நீ அசண்டு சரிஞ்சால் என்ன கதி? இதுக்கு ஒரு வழி பாக்க வேணும்."

பிலோமினா ஷபனெல் தெருத் தையல் ஆலையில் வேலை செய்கிறவள். துணியைத் தடவியே அதன் சாதகத்தைச் சொல்வாள். விரிப்பைத் தடவினாள், முகத்தைச் சுளித்தாள், ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கூடியிருந்தபோது தீர்ப்பளித்தாள்.

"எங்கட ஆக்கள் பிறந்த பிள்ளையை ஏன் பழஞ்சீலையிலை கிடத்துறவை? உடுத்துத் தோய்ச்சு நைஞ்ச துணி குளிராது. ஒரு பழைய சாரம் தாங்கோ. நான் மெத்தை அளவுக்கு வெட்டி, சுத்திவர இலாஸ்ரிக் வைச்சு, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துத் தைச்சுத் தாறன். அந்த நேர்சம்மாவும் ஒண்டும் சொல்ல ஏலாது."

எமிலியானுசின் நெஞ்சு நிமிர்ந்தது. சாரம் என்றால் அவர்தான். இந்தியத் தமிழர் கைலி என்றும் லுங்கி என்றும் அழைக்கிற அந்த உடையை மொன்றியாலின் எந்தக் குளிருக்கும் விட்டுக்கொடுக்காத வீரர் அவர். குப்பை போடப் போகும்போது மேலே பார்க்கா கோட்டு, கீழே பனிச் சப்பாத்து, நடுவில் சாரம் பறக்கும். அந்தச் சாரம் ஒருகாலத்தில் நீலக் கட்டம் போட்டிருந்தது. இப்போது அதன் நிறம் இன்னதென்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. வெங்காயத் தோல்போல மெலிந்து, வெண்ணெய்போல மிருதுவாகியிருந்தது.

"ஆனால் கண்ட ஆக்களின்ர துணி சரிவராது," என்று தொடர்ந்தாள் பிலோமினா. "ஆற்றை துணியிலை கிடக்குதோ அவையின்ர குணம் பிள்ளைக்கு ஒட்டும். நல்ல பொறுமையான, மற்றவன் நல்லாயிருக்கப் பாத்துச் சந்தோசப்படுற மனிசனாப் பாக்க வேணும்."

எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"அம்புறோஸ் அண்ணைதான்," என்றாள் பிலோமினா.

"அண்ணியின்ர சொல்லு சரி," என்றான், தூக்கி வளர்த்த தம்பி.

எமிலியானுஸ் தொண்டையைச் செருமினார். "என்னட்டையும் ஒரு சாரம் இருக்கு."

"ஐயோ, இவற்றை சாரமோ!" பிலோமினா கையெடுத்துக் கும்பிட்டாள். "பிள்ளை பல்லு முளைக்க முந்தியே அயல் தொட்டிலை எட்டிப் பாத்துப் புறுபுறுக்கும்."

சிரிப்பில் கட்டடம் அதிர்ந்தது. உரக்கச் சிரிக்காதவர் அம்புறோஸ் ஒருவர்தான். அவர் முகம் ஏனோ வெளிறியிருந்தது. எமிலியானுஸ் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் எரிந்தார். பார், அடக்கத்திலும் முந்திவிட்டான்.

அந்த வெளிறலின் காரணம் அதே வாரம் நிலக்கீழ் அறையில் வெளிப்பட்டது. கட்டடத்துக்குப் பொதுவான சலவை இயந்திரங்கள் அங்கேதான். எமிலியானுஸ் தன் ஜீன்ஸ் காய்கிற இயந்திரத்தின் முன்னால், சாரத்தோடு, தியானத்தில் இருப்பவர்போல அமர்ந்திருந்தார். கதவு மெல்லத் திறந்து அம்புறோஸ் தலையை நீட்டினார்.

"மச்சான், தனியத்தான் இருக்கிறியளோ?"

"மெஷின் இருக்கு."

அம்புறோஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மேடைகளில் முழங்கும் குரல் காற்றுப்போன பலூன்போல வந்தது. "என்னட்டைச் சாரம் இல்லை."

"என்ன?"

"மெல்லக் கதையுங்கோ. இந்த ஊருக்கு வந்த நாளிலையிருந்து பைஜாமாதான்."

எமிலியானுஸ் எழுந்து நின்றார். வாழ்க்கையில் சில இன்பங்களை நின்றுதான் அனுபவிக்க வேண்டும். "அப்ப பொங்கல் விழாவிலை, சாரத்தை மறந்தவன் சரித்திரத்தை மறந்தவன் எண்டு மைக்கைப் பிடிச்சுக் கத்தினது ஆர் காணும்?"

"அது பேச்சு மச்சான்."

"பேச்சோ!"

"புதுசொண்டு வேண்டித் தோய்ச்சன். விடாமல் ஒருநாள் முழுக்கத் தோய்ச்சன். மனிசியின்ர வெள்ளைச் சட்டையெல்லாம் நீலமாப் போச்சு, சாரம் மட்டும் கடையிலை நிண்ட மாதிரியே விறைச்சுக்கொண்டு நிக்குது. சாண்ட்பேப்பர் போட்டுக்கூடத் தேய்ச்சுப் பாத்தன்." எஞ்சினியரின் கண்கள் தாழ்ந்து, எமிலியானுசின் இடுப்பில் வந்து நின்றன. "உங்கடையைத் தந்தால், ஆருக்கும் சொல்லமாட்டன். நீங்களும்..."

எமிலியானுசுக்கு விளங்கிவிட்டது. தன் சாரம், அவன் பெயர். குஞ்சு தன் துணியில் கிடக்கும். புகழ் அஹுன்சிக்குக்குப் போகும். முடியாது என்ற சொல் நாக்கில் கற்கண்டாக இனித்தது. அதைச் சொன்னால் போதும். வரும் ஞாயிறு அம்புறோஸ் எல்லோர் முன்னிலும் பைஜாமாக்காரனாக நிற்பான். அந்தக் காட்சியை அவர் ஒருதரம் மனக்கண்ணில் பார்த்தார். திருப்தி போதாமல் இன்னொருதரமும் பார்த்தார்.

அப்போது சுவரோரமாகப் போன குழாய்களின் வழியே மேல்மாடி அழுகை இறங்கி வந்தது. தொட்டிலில் கிடத்திப் பார்த்திருக்கிறார்கள். மெலிந்து, விக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது.

எமிலியானுஸ் இயந்திரத்திலிருந்து சூடான ஜீன்சை இழுத்து எடுத்துக்கொண்டு அதன் மறைவுக்குப் போனார். வெளியே வந்தபோது கையில் சாரம் நான்காக மடிந்திருந்தது.

"வாசச் சவர்க்காரம் போடாதேங்கோ. பிள்ளைக்குத் தோல் கடிக்கும்," என்றார். "ரெண்டுதரம் அலசுங்கோ. முறுக்கிப் பிழியாதேங்கோ, தாங்காது."

சாரம் அம்புறோசின் பெயரோடு பிலோமினாவின் கைக்கு வந்தது. அவள் அதை விரித்தாள், தடவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எமிலியானுஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் காலநிலை அறிக்கையை உற்றுப் பார்த்தார். "அருமையான துணி," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தன்னுடைய சாரம் கிழிந்து குப்பையில் போய்விட்டதென்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவளும் நம்பிவிட்டாள்போல இருந்தது.

அன்று மெத்தையில் அந்த விரிப்பு முரசுத் தோல்போல இறுகி நின்றது. குழந்தையைப் பையில் விட்டு ஸிப்பை இழுத்து மல்லாக்கக் கிடத்தினார்கள். முகம் சுளித்தது. எல்லோரும் காதைப் பொத்தத் தயாரானார்கள். குழந்தை தலையை ஒரு பக்கம் திருப்பி, கன்னத்தைத் துணியில் தேய்த்து, ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான். நித்திரை.

"மாமான்ர சாரம்! பாத்தியளோ, மாமான்ர குணம்!" லக்சனாவின் கண் கலங்கியது. றொக்சன் அம்புறோசைக் கட்டிப்பிடித்தான்.

அன்று தொடங்கியது எமிலியானுசின் தவக்காலம். அந்தக் குளிர்காலம் முழுவதும் மேல்மாடி அமைதியாக உறங்கியது. கீழ்மாடியில் அவர் உறங்கவில்லை. புதுச் சாரம் உடம்பில் ஒட்டாமல் தகரம்போல நின்றது, படுத்தால் சரசரத்தது. முகட்டைப் பார்த்துக் கிடப்பார். அழுகை கேட்காதா என்றிருக்கும்; கேட்டுவிடக் கூடாதே என்றும் இருக்கும். அந்த அமைதி தன்னுடையது, ஒவ்வொரு நூலும் தன்னுடையது. ஆனால் கோவில் மண்டபத்தில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் அம்புறோசைச் சுற்றி நின்று, "உங்கட பழைய சாரம் இன்னொண்டு இருக்கோ அண்ணை?" என்று கேட்டார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் அடுத்தவன் பொருளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள். தன்னுடைய கிழிசலையே பார்த்துப் பொறாமைப்பட்ட பெருமை எமிலியானுஸ் ஒருவருக்கே உரியது.

சில நாட்களில் சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே போவார். தொட்டிலருகே நின்று விரிப்பின் ஓரத்தை விரலால் தொடுவார். ஒருநாள் குஞ்சு விழித்திருந்தது. அவரைப் பார்த்தது.

"இது ஆற்றை தெரியுமே?" என்று குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"என்ன ரகசியம் கதைக்கிறியள்?" பிலோமினா பின்னால் நின்றாள்.

"ஒண்டுமில்லை. பிடரி வியர்க்குதோ எண்டு பாத்தன்."

அடுத்த தையில் குழந்தைக்கு முதலாம் பிறந்தநாள் வந்தது. கோவில் மண்டபத்தில் கொண்டாட்டம். அனாயிஸ் கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அம்புறோஸ், வழக்கம்போல, எல்லோருக்கும் நல்லவராக உலாவிக்கொண்டிருந்தார். றொக்சனோடு வேலை செய்யும் ஒருவரின் மகன் ஹர்ஷ் தரையில் தனியாக இருந்து சிணுங்கினான். அம்புறோஸ் அவனைத் தூக்கி, கதிரையில் அமர்ந்து தோளில் போட்டு, பாட்டுப் பாடினார்.

அனாயிஸ் நின்றாள். கேக் அப்பிய முகத்தோடு மாமனைப் பார்த்தாள், மாமனின் தோளில் இருந்தவனைப் பார்த்தாள். கண் இரண்டும் ஒடுங்கின. உதடு கோணியது. கதிரையை விட்டாள், ஒருவரும் பிடிக்காமல், வாழ்நாளில் முதல்தடவையாகத் தனியாக நடந்தாள். அம்புறோசின் காலடிக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஹர்ஷின் குதிக்காலைப் பிடித்து, உள்ள பற்களையெல்லாம் பயன்படுத்திக் கடித்தாள்.

அலறல் அடங்கியதும் ஆராய்ச்சி தொடங்கியது.

"கொஞ்ச நாளாவே இப்பிடித்தான்," என்றாள் லக்சனா வெட்கத்தோடு. "வேறை பிள்ளையைத் தூக்கினால் விடமாட்டாள். பொம்மையைக்கூடக் கொஞ்ச ஏலாது. இது ஆற்றை குணமோ தெரியேல்லை."

"ஆற்றை குணமோ?" பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தாள். "ஒரு வருசமா ஆற்றை சாரத்திலை கிடக்குது பிள்ளை?"

மண்டபம் மெதுவாக அம்புறோசின் பக்கம் திரும்பியது. பல வருடங்களாகப் பாராட்டையே பார்த்துப் பழகிய முகம் அது. இப்போது அதன்மேல் முதல்முறையாகச் சந்தேகம் விழுந்தது.

"வெளியிலை சிரிப்பு," என்றார் யாரோ. "உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஆர் கண்டது? சாரத்துக்குத் தெரியும்."

அம்புறோஸ் வியர்த்தார். பிடரியைத் தொடத் தேவையில்லாமல் முன்பக்கமே தெரிந்தது. எமிலியானுசைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு உடைந்தார்.

"அது என்ர சாரம் இல்லை! சத்தியமா இல்லை! என்னட்டைச் சாரமே இல்லை, நான் பைஜாமா! அது... அது எமிலியானுஸ் மச்சான்ர சாரம்!"

கணக்கு நேரான நிம்மதியில் மண்டபம் முழுவதும் ஒன்றாக, "ஆஆ..." என்றது.

வேறு ஒருவராக இருந்தால் கூசிக் குறுகியிருப்பார். பொறாமைக்காரன் என்பதற்கு இதைவிடப் பகிரங்கமான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. அதுவும் பல் அடையாளத்தோடு. எமிலியானுஸ் எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஓம்," என்றார். "என்ர சாரம்தான்."

நோபல் பரிசை வாங்க மேடையேறுகிறவருடைய நடையில் போய்க் குழந்தையைத் தூக்கினார். அவள் உடனே அவர் சட்டையில் கேக்கைத் துடைத்தாள்.

"கோவிக்காதேங்கோ மச்சான்," என்றார் அம்புறோஸ், தலை குனிந்து.

"சீ, இதுக்குப் போய்," என்றார் எமிலியானுஸ். அந்த மனிதரிடம் அவர் வாழ்நாளில் காட்டிய முதற் பெருந்தன்மை அது. அதற்கு அவ்வளவு சுவை இருக்குமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பிலோமினா பேப்பர் தட்டுகளைச் சேகரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பிலோ," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குச் சொல்லாமல் விட்டது பிழைதான்."

"எனக்கென்னத்துக்குச் சொல்ல? மடிப்புக்குக் கீழை ஒரு பொத்தல், சிவப்பு நூலாலை தைச்சுக் கிடந்தது. நீல நூல் முடிஞ்சு போன அண்டைக்கு நான் தைச்சது. அம்புறோஸ் அண்ணைக்கு ஆர் சிவப்பு நூலாலை தைச்சுக் குடுக்கிறது?"

"அப்ப ஏன் நீ... பிள்ளைக்கு என்ர குணம் ஒட்டும் எண்டு சொன்னனீ. தெரிஞ்சும் ஏன் தைச்சனீ?"

அவள் தட்டுகளை அடுக்கினாள். "எங்கட வீட்டிலையிருந்து ஏதாவது அந்தப் பிள்ளைக்குப் போகட்டுமெண்டுதான்," என்றாள். உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "அதுக்காக இவ்வளவு போகுமெண்டு நான் நினைக்கேல்லை. ஹர்ஷின்ர காலைப் போய்ப் பாருங்கோ."

அவர் போய்ப் பார்க்கவில்லை. அம்புறோஸ் மறுபடியும் ஹர்ஷைத் தூக்கிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள், என்ன இருந்தாலும் தங்கமான மனிசன் என்று அதற்குள் மன்னித்துப் பாராட்டத் தொடங்கியிருந்தார்கள். எமிலியானுசின் கண்கள் ஒடுங்கின. அவர் தோளில் இருந்த இரண்டு சின்னக் கண்களும் அதே திசையில், அதே அளவுக்கு ஒடுங்கின.